ஒரு குளவிகூட வராத பகல்

சில வருஷங்களுக்கு முன்னால், தீபாவளி லீவு முடிந்து தோட்டத்தில் எல்லோரும் மறுபடி வேலைக்கு இறங்கிய வாரத்தில் நடந்தது இது. பூனாகலைப் பக்கம், மலை உச்சியை ஒட்டி இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வேலை முடிந்து அவர்கள் வரும்வரை பாலுக்கும் தூக்கத்துக்கும் அழுகைக்கும் நான்தான் பொறுப்பு. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் ஆயாம்மா.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. மீன் லொறி வந்தால் தராசைத் தூக்கி அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். பதுளைக்குப் போனால் பஸ் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்பேன், அவர் சொன்ன பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பேன். நான் சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான். கோயில் வாசலில் ஒரு தடவை புதுச் செருப்பைப் பறிகொடுத்தவள் நான், இரண்டு கண்ணையும் மூடுவதற்கு எனக்கென்ன தலையெழுத்தா?

அந்தச் சமயத்தில் என் வியாதி தோட்டத்துக்கே தொற்றியிருந்தது. எங்கள் மேட்டு மலையில் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ வந்து அந்தக் கல்லின் அடியை ஆள் மறைகிற ஆழத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்புத் துணி, வெட்டின எலுமிச்சம்பழம். புதையல் எடுக்கிற கூட்டம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புதையலைக் காக்கிற பூதத்துக்குப் பிள்ளை பலி கேட்பார்கள், அதுவும் தலைச்சன் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது எவ்வளவு உண்மையோ, எனக்குத் தெரியாது. ஆனால் தோட்டத்துத் தலைச்சன் பிள்ளைகளில் பாதிப் பேர் என் தொட்டில்களில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதே நாட்களில் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லோர் போனிலும் ஒரு வீடியோ சுற்றியது. எங்கேயோ காட்டில் புதையல் தேடுகிறவன், நீளக் கம்பில் தட்டு ஒன்றை மாட்டித் தரையைத் தடவிக்கொண்டு போகிறான். காதை மூடுகிற மாதிரி பெரிய கறுப்புக் கருவி ஒன்றைத் தலையில் மாட்டியிருக்கிறான், அதிலிருந்து வயர் தொங்குகிறது. தரைக்குள் தங்கம் இருந்தால் அதில் சத்தம் கேட்குமாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

நான் என் வீட்டுக்காரரை விட்டு பிள்ளைக்காம்பராக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். எங்கள் கதவு மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகத் திறக்கிற கதவு. இரண்டு பாதிக்கும் தனித்தனித் தாழ்ப்பாள். வழக்கமாக என்னைக் கேலி பண்ணுகிற தாய்மார்கள் யாரும் அந்தத் தடவை சிரிக்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனிமூட்டம். மத்தியானம் ஆகும்போது வாசலில் இருக்கிற தண்ணீர்ப் பைப்புகூடத் தெரியவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மேட்டு மலையிலிருந்து பெண்களின் கூச்சல். "குளவி! குளவி! படுங்க, படுங்க!"

தேயிலை மலையில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற பயம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. என் மாமியாரே குளவி கொட்டித்தான் செத்துப்போனார். கொழுந்துக் கூடையோடு ஓடினார், ஓடினவரைத்தான் விரட்டி விரட்டிக் கொட்டின. அதனால் இப்போது யாரும் ஓடுவதில்லை. இரைச்சல் கேட்டவுடன் செடிகளுக்கு நடுவில் குப்புறப் படுத்து, இடுப்பில் கட்டியிருக்கிற படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் கிடப்பார்கள். என் வேலை பிள்ளைகளைக் காப்பாற்றுவது. ஜன்னல்களைச் சாத்தினேன். ஒவ்வொரு தொட்டிலையும் துணியால் மூடினேன். தகர டின்னில் நெருப்பு போட்டு, மேலே பச்சை இலையைக் கொட்டி, வாசலில் புகைமூட்டம் வைத்தேன். கொட்டுப்பட்டவர்களுக்குத் தடவச் சுண்ணாம்பை ஒரு கிண்ணத்தில் குழைத்து வைத்தேன்.

இதையெல்லாம் செய்யும்போதே எனக்கும் அந்த இரைச்சல் கேட்டது. மேலேயிருந்து வந்தது, பெரிதாகிக்கொண்டே போனது, சட்டென்று நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கல் உருள்வது வழக்கம்தான். எங்கேயோ கல் உருண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

காத்துக்கொண்டே இருந்தேன். ஒரு குளவியும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, வெளியே புகைக்குள் யாரோ இருமினார்கள்.

மேல் கதவை விரற்கடை அளவு திறந்து பார்த்தேன். ஓர் ஆள். நனைந்து, நெற்றியில் ரத்தம் வடிந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு நிற்கிறார். தோளில் தங்கப் பட்டி தைத்த வெள்ளைச் சட்டை, முழுக்கச் சேறு. கழுத்தில் தொங்குகிறது அந்தக் காதுக் கருவி! வீடியோவில் பார்த்த அதே கறுப்புக் கருவி, அறுந்த வயரோடு.

"அக்கே, கதவைத் திறங்க. ப்ளேன் விழுந்துருச்சி. மேலே நங்கி மாட்டிக்கிட்டு இருக்கா" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். எனக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும், அவர் சொன்னது நான் எழுதியிருக்கிற மாதிரிதான் புரிந்தது. நங்கி என்றால் தங்கச்சி. சொந்தத் தங்கச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சின்னப் பெண் யாரையும் அப்படிச் சொல்வார்கள்.

ப்ளேனா? எங்கள் மலைக்கு மேலே போகிற ப்ளேன் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். விழுந்தால் எவ்வளவு பெரிய சத்தம் கேட்கும், எவ்வளவு பெரிய தீ எரியும்! டீவியில் பார்த்ததில்லையா? இந்த ஆள் காது குத்துகிறான் என்றே எனக்குத் தோன்றியது. அதைவிட இன்னொன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. மேலே ஒரு பெண் மாட்டியிருக்கிறாள் என்று அவனே சொல்கிறான். மேலே என்றால் முனியாண்டி கல். அங்கே எதற்கு ஒரு பெண்?

கதவைச் சாத்தினேன். ஜன்னல் பக்கம் போய், அங்கே கட்டித் தொங்கவிட்டிருக்கிற தண்டவாளத் துண்டைக் கைவலிக்க அடித்தேன். ஆபத்து என்றால் அதைத்தான் அடிப்போம். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து அலறினார்கள்.

பக்கத்து மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கத்தியும் கையுமாக ஓடிவந்தார்கள். கூட அவர்களுடைய கங்காணியும் வந்தார். அவருக்கு அந்த வருஷம்தான் முதல் பேரன் பிறந்திருந்தான், அவனும் உள்ளே தொட்டிலில் இருந்தான். அந்த ஆளின் கழுத்தைப் பார்த்ததும் கங்காணிக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"மாட்டுனான்டா மெசின்காரன்!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன சொன்னாலும் அது அவருக்கு எதிராகவே திரும்பியது. சட்டைப் பட்டியைக் காட்டினார். பொய் யூனிபோர்ம் போட்டுக்கொண்டுதான் இந்தக் கூட்டம் வரும் என்று ஒருத்தர் சொன்னார். அவர் உடம்பில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. கொளுத்திவிட்டு ஓடத் திட்டம் என்றார் இன்னொருத்தர். மேலே ஒரு பெண், சின்னப் பெண், உயிரோடு இருக்கிறாள், சீக்கிரம் வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைக் கேட்டதும் ஒருவன் ஓங்கி அறைந்தே விட்டான். கங்காணி காதுக் கருவியைக் கழற்றிச் சாட்சிக்கு எடுத்து வைத்துக்கொண்டார். வாசல் தூணோடு சேர்த்து அந்த ஆளின் இரண்டு கைகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். பொலிசுக்குச் சொல்ல வேண்டும், ஆனால் எங்களிடத்தில் போன் எடுக்காது. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். ஒரு பையன் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான்.

நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். தாழ்ப்பாள் எடுக்கவில்லை. சனம் வந்துவிட்டது என்பதற்காகக் கதவைத் திறக்கிற ஆள் இல்லை நான்.

அப்போதுதான் மேட்டு மலையிலிருந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தண்டவாளச் சத்தம் கேட்டதும், குளவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து ஓடிவந்திருக்கிறார்கள். முகமெல்லாம் தேயிலை வாதுக் குச்சி கீறின கோடு, உடம்பெல்லாம் ஈரம். ஒவ்வொருத்திக்கும் கதவிடுக்கு வழியாக அவளவள் பிள்ளையைக் காட்டினேன். காட்டிவிட்டு, பழக்கதோஷம், சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கு எங்கே கொட்டியிருக்கிறது என்று கேட்டேன்.

யாருக்கும் கொட்டவில்லை.

"ஒருத்திக்குக்கூடவா?"

"இல்ல ஆயாம்மா. நல்லா மூடிக்கிட்டுப் படுத்தோமில்ல" என்றாள் ஒருத்தி, பெருமையாக.

எனக்குச் சமாதானமாகவில்லை. அத்தனை பெண்கள் கிடந்த மலையில் குளவி எழும்பினால், எப்படி மூடினாலும் ஒருத்தியின் குதிகாலிலாவது கொட்டாமல் போகாது. இன்னொன்றும் உறுத்தியது. குளவி வெயிலில் எழும்பும், காற்றில் எழும்பும். இப்படிக் கையை நீட்டினால் கை தெரியாத மூட்டத்தில், இந்தக் குளிரில், அது கூட்டை விட்டு வெளியே வருமா? என் மாமியார் செத்த அன்று வெயில் கொளுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"குளவியக் கண்ணால பாத்தது யாரு?" என்று கேட்டேன்.

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள், அவள் அடுத்தவளைப் பார்த்தாள். சத்தம்தான் கேட்டதாம், பார்க்கவில்லையாம். சரி, சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது? எங்களுக்குத் தெரிந்த குளவிக்கூடு கீழே, ஓடை மரத்தில். இவர்களோ மேலேயிருந்து வந்தது என்கிறார்கள். காட்டோரமாக மேல் நிரையில், கடைசிச் செடி வரிசையில், நின்றவள் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் படங்கு இல்லை.

"ஒம் படங்கு எங்க?"

"காத்து அடிச்சிக்கிட்டுப் போயிருச்சி ஆயாம்மா. தலைக்கு மேல குளவி போகயில அப்படி ஒரு காத்து. பெட்ரோல் வாசம் வேற. தொரையோட பைக்குதான் கீழ ரோட்டுல போகுதாக்கும்னு நெனச்சேன்."

நான் மேல் கதவை முழுதாகத் திறந்தேன்.

"குளவிக்கு எதுக்குங்க பெட்ரோல்?" என்று கங்காணியைக் கேட்டேன்.

நான் தூணில் கட்டியிருந்த ஆளின் கைகளைப் பார்த்தேன். தோண்டுகிறவன் கையென்றால் நகக்கண்ணில் செம்மண் அப்பியிருக்கும். இவர் விரல்களில் முள் கீறலும் ரத்தமும்தான் இருந்தன, நகம் சுத்தமாக இருந்தது. எதில் வந்தீர்கள், எங்கே விழுந்தது என்று சிங்களத்தில் கேட்டேன். அவ்வளவு நேரம் யாரும் அவரிடம் கேள்வி என்று ஒன்றைக் கேட்டிருக்கவில்லை.

அவர் வேகமாகச் சொன்னார். சின்ன ப்ளேன், இரண்டு பேர் மட்டும் உட்காருகிறது. அந்தக் காதுக் கருவி ப்ளேனுக்குள் பேசிக்கொள்ள மாட்டுவது. அவர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மேலே இருக்கிற பெண் கற்றுக்கொள்பவள். மலை இடுக்கில் போகும்போது முன்னாலும் பின்னாலும் மேகம் மூடிவிட்டது. திருப்பப் பார்த்திருக்கிறார்கள், அதற்குள் மரம் வந்துவிட்டது. அவள் கால் முன்பக்கத் தகட்டில் சிக்கியிருக்கிறது, எடுக்க முடியவில்லை. தன் ஜாக்கெட்டை அவளுக்குப் போர்த்திவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறார். வரும் வழியில் ஒரு பெரிய மொட்டைப் பாறையைப் பார்த்தாராம்.

மொட்டைப் பாறை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேல் நிரைக்கும் மேலே, விறகுக்குப் போகிறவர்கள் உட்காருகிற இடம்.

"நம்பலாமா ஆயாம்மா?" என்றார் கங்காணி. தோட்டத்தில் எதையும் நம்பாதவள் என்று பேர் எடுத்தவளிடம் வந்து அப்படிக் கேட்கிறார்!

"நம்ப வேணாம். போய்ப் பாருங்க" என்றேன்.

ஆண்கள் கிளம்பினார்கள். சத்தம் எந்தத் திக்கில் போனது என்று காட்ட மேல் நிரைப் பெண்களும் கூடப் போனார்கள். பிள்ளைகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். மற்றப் பெண்கள் ஆபீசுக்குத் தகவல் சொல்லவும், கொழுந்து லொறியை நிறுத்தி வைக்கவும் இறங்கினார்கள். போன் கொண்டுபோன பையனும் மூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். அந்த ஆளை மட்டும் அவிழ்க்கவில்லை. பார்த்துவிட்டு வந்து அவிழ்க்கலாம் என்றார் கங்காணி. போகும்போது ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கீழ்க் கதவுக்கு மேலாக என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடமே வெறிச்சென்று ஆகிவிட்டது. மூட்டத்துக்குள் நான், பிள்ளைகள், கதவுக்கு அந்தப் பக்கம் அவர். அப்போதுதான் என் புத்தி அடுத்த வேலையைத் தொடங்கியது. எல்லா ஆம்பிளைகளையும் மலைக்கு அனுப்பியது யார்? நான். அனுப்பச் செய்தது யார்? இந்த ஆள். இவனுடைய கூட்டாளிகள் பக்கத்துப் பாத்தியில் பதுங்கியிருந்தால்? மேலே போகிறவர்கள் போன பிறகு இங்கே வந்தால்? கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் குளிரில் நடுங்கினார், தூணே ஆடுகிற மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியைப் பிள்ளைகள் குடிக்கிற பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, கதவுக்கு மேலாக எட்டி அவர் வாயில் வைத்தேன். ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் கத்தி. அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் அவ்வப்போது கேட்டது எல்லாம் ஒன்றுதான். சத்தம் ஏதும் கேட்டதா? ஆட்கள் பாறைக்குப் போயிருப்பார்களா? அவளைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்கச் சொன்னீர்களா? கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்சம் தளர்த்துங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. ஏற்கெனவே முடிச்சை அவிழ்த்து வைத்துக்கொண்டு நடிக்கிறாரோ என்று கீழ்க் கதவையும் திறந்து, சத்தமில்லாமல் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. கை வீங்கி, விரலெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

தப்பிக்க நினைக்கிறவன் கயிற்றைத்தான் நினைப்பான். இந்த மனுஷன் மேலே கிடக்கிற பெண்ணைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. எனக்கு முதல்முறையாக வேறு மாதிரி ஒரு பயம் வந்தது. இவர் சொல்வது பொய்யாக இருக்குமோ என்று அதுவரை பயந்தேன். உண்மையாக இருந்து, அந்தப் பெண் அதற்குள் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று அப்போது பயந்தேன். உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினேன். அப்போதும் கத்தியைக் கீழே வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலைகளில் அவசரச் செய்தி வாய்வழியாகத்தான் இறங்கும். மேலே ஒருத்தர் கத்துவார், அதைக் கேட்ட அடுத்தவர் கீழே பார்த்துக் கத்துவார். முதல் கூச்சல் மூட்டத்துக்குள் தெளிவில்லாமல் கேட்டது. அவர் தலையைத் தூக்கினார். இரண்டாவது கூச்சலும் புரியவில்லை. சாவுச் செய்தி என்றால் கடைசியில் இழுத்துக் கத்துவார்கள், இழுக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது, பக்கத்து மலையிலிருந்து, மேல் நிரைக்காரியின் குரல்.

"உசுரு இருக்கு ஆயாம்மா! புள்ள பேசுது! தொட்டிச் சேலையக் குடுத்து விடுங்க!"

அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிறாள், பேசுகிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். கத்தியால் கயிற்றை அறுத்தேன். அவ்வளவு நேரம் அவருக்கு எதிராக வைத்திருந்த அதே கத்தி. கை விடுபட்டதும் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டு எல்லாத் தொட்டில் சேலைகளையும் உருவினேன். கொழுந்துக்காரிகளின் பழைய நூல் சேலைகள், வருஷக்கணக்கில் பிள்ளைகளின் பாரத்தைத் தாங்கினவை. இரண்டு பேர் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சேலைகளை மரக்கம்பில் தூளியாகக் கட்டி, அந்தப் பெண்ணை அதில் வைத்துத்தான் இறக்கினார்கள். பூப்போட்ட சேலைக்குள் இருந்து வெளுத்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கால் ஒடிந்திருந்தது. வாத்தியார் எங்கே என்று கேட்டாள். அவர் நொண்டிக்கொண்டே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து லொறியில் ரோட்டுக்கு, அங்கிருந்து அம்புலன்சில் பதுளை ஆஸ்பத்திரிக்கு என்று கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குளிரே கொன்றிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். சந்தேகப்படுவது இப்போது அவர்களுடைய முறை. ப்ளேனில் இருந்த ஒரு பையைக் காணவில்லையாம். யார் எடுத்தது, யார் முதலில் மேலே போனது, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று லயம் லயமாகக் கேட்டார்கள். தூளி சுமந்து தோள் புண்ணானவர்களிடம் போய்ப் பை எங்கே என்று கேட்டால் எப்படி இருக்கும்? கடைசியில் அந்தப் பை ப்ளேனின் சீட்டுக்கு அடியிலேயே நசுங்கிக் கிடந்தது. மன்னிப்பு என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விழுந்த விதத்தைச் சொல்ல அந்த வாத்தியாரையும் கூட்டிவந்திருந்தார்கள். தலையிலும் காலிலும் கட்டு. பிள்ளைக்காம்பரா வாசலில் உட்காரவைத்து ஓர் அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய மணிக்கட்டைப் பார்த்து, இது என்ன காயம் என்று கேட்டார். இரண்டு கையிலும் கயிறு பதிந்த தடம் கறுத்துக் கிடந்தது. கங்காணி தரையைப் பார்த்தார். அறைந்தவன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். பொலிசு, கோர்ட்டு, அத்தனை ஆம்பிளைகளின் வேலை, எல்லாம் கண்ணுக்குள் ஓடியது.

"அந்தப் பெண்ணை வெளியே எடுக்கப் பெல்ட்டைக் கையில் சுற்றி இழுத்தேன், அதில் வந்தது" என்றார் அவர், ஒரு பிசிறும் இல்லாமல்.

அதிகாரி எழுதிக்கொண்டார். சும்மா இருக்க முடியுமா என்னால்? ஓர் ஆள் காரணமில்லாமல் நல்லது செய்தால் எனக்குத் தூக்கம் வராது. எல்லோரும் மேலே போன பிறகு தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் கிட்டே போய், ஏன் பொய் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் சின்ன மகள் இருக்கிறா அக்கே. அவளை யாருகிட்டயாவது விட்டுட்டுப் போறதுன்னா, நேத்து மாதிரிக் கதவைத் திறக்காத ஆள்கிட்டதான் விட்டுட்டுப் போவேன்" என்றார். கோப்பையை வாங்கும்போது, இன்றைக்குக் கத்தி இல்லையா என்று கேட்டார். நான் வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டேன்.

முனியாண்டி கல்லைத் தோண்டியவர்கள் யார் என்று இன்றுவரை பிடிபடவில்லை. எனக்கு ஒருத்தர் மேல் சந்தேகம் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது. அடுத்த வருஷம் எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு பெரிய பார்சல் வந்தது. அனுப்பியவர் பேரைப் படித்தும் நம்பாமல், மோந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் என் வீட்டுக்காரரை விட்டு முற்றத்தில் வைத்துத்தான் பிரிக்கச் சொன்னேன். உள்ளே புதுத் தொட்டில் சேலைகள், ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒன்று. அன்றைக்கு ரத்தக்கறை பட்டுப்போன சேலைகளுக்குப் பதிலாக அந்தப் பெண் அனுப்பியிருந்தாள். கால் சரியாகிவிட்டது, மறுபடி பறக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

இப்போதும் பனிமூட்டத்தில் யாராவது வந்து கூப்பிட்டால் நான் தாழ்ப்பாளை எடுக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வெளியே நிற்கிற ஆளைச் சந்தேகப்பட்டு முடித்த பிறகு, உள்ளே நிற்கிற எங்களையும் ஒரு தரம் சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் உயிர் அந்த இரண்டாவது சந்தேகத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.